மூன்று நாள் வெளியூர்

குளியலறைக் கதவுக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே தங்கை. அவளுக்கென்று போட்ட டீ ஆறி ஆடை படிந்துபோக, கடைசியில் நானே குடித்துவிட்டேன். நான் சொன்னது இவ்வளவுதான்: நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் புது மெஷின் வருகிறது, அதைப் பழகிக்கொள்ள என்னை வெளியூர் அனுப்புகிறார்கள், நாளைக் காலை போனால் மூன்று நாளில் வந்துவிடுவேன்.

"போ. திரும்பியே வராத. எனக்கு அக்காவே கெடையாது."

அன்று காலையில்தான் எனக்குத் தலை வாரிவிட்டு, உன்னைப்போல அக்கா உலகத்திலேயே இல்லை என்றிருந்தாள். அரை நாளில் சிம்மாசனம் போச்சு, அக்கா உத்தியோகமும் போச்சு.

இதற்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று ஒரு பெயர் இருப்பதே போன வருஷம்தான் தெரியும். அதுவரை வீட்டில் நாங்கள் வைத்திருந்த பெயர் திமிர். எல்லோரும் சொன்னோம், நான் ஒரு பிடி கூடவே சொன்னேன். "நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்தாலே, விட்டுட்டுப் போயிட்ட மாதிரிதான் அவங்களுக்கு இருக்கும். நடிப்பு இல்லம்மா, நெஜமாவே வலிக்கும்" என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இதற்கு முன் இரண்டு முறை இப்படிப் பயணத்தை ரத்து செய்து, சூப்பர்வைசரிடம் பாட்டும் வாங்கியாயிற்று. மூன்றாவது முறை வேலை மிஞ்சாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. போனவள் திரும்பி வருவாள் என்பதை இவள் ஒரு தடவைகூடப் பார்க்காமலே இருந்துவிடுவாளோ?

உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொள்கிறாள். எனக்கு உயிர் வந்தது.

"கோவமா இருக்கியாடி?"

குழாயை மூடினாள். "இல்ல. பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. கதவு திறந்தது. மூக்கு சிவந்து, முன்முடியெல்லாம் ஈரமாக நின்றாள்.

"மூணு நாள்னா மூணு நாள்தானே? சத்தியம் பண்ணு."

இவளிடம் சத்தியங்களை வாரி இறைத்தவள் நான். ஒன்றைக்கூட ஒழுங்காகக் காப்பாற்றியதில்லை. வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"மூணு நாள்னுதான் சொல்லியிருக்காங்க. பஸ் கிஸ் படுத்துச்சுன்னா நாலு ஆகலாம். ஆனா வருவேன்டி. தெனம் எட்டு மணிக்குப் போன் பண்றேன்."

என்னையே பார்த்தாள். பிறகு அறைக்குள் போனாள். போன தடவை என் பை பால்கனி வழியாகத் தெருவுக்குப் போயிருந்ததால், பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலில் பை திறந்து கிடந்தது, உள்ளே மூன்று செட் துணி. அவள் அலமாரியிலிருந்து என் நீலச் சுடிதாரை எடுத்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நாலாவதாக அதை மேலே வைத்தாள்.