தேவமணியின் கறுப்புக் கோட்டு

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பனிமய மாதா அறிய, உப்புக்காற்று அறிய, அத்தனையும் கண்ணால் கண்டது. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கதவு திறந்துதான் கிடக்கிறது.

1943 சித்திரை. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் மூச்சடக்குவதற்குத் தேவமணியை மிஞ்ச ஆள் இல்லை. முகத்தை இருட்டாக வைத்துக்கொள்வதற்கும் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய கறுப்புக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பான். யாரோடும் பேச்சில்லை. அவன் நிழல் விழுந்த இடத்தில் கருவாடு காயாது. அவன் பெருமூச்சு விட்டால் காற்றில்லாத நாளிலும் பாய் புடைக்கும். ஏதோ பெரிய பாவம் செய்தவன் என்று ஊர் பேசியது. பேசப் பேசப் பெண்களுக்கு அவன்மேல் இரக்கம் கூடியது. பெரியதாழையில் இரண்டு பெண்கள், பார்க்க வந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டான் என்பதற்காகவே கல்யாணம் வேண்டாம் என்றார்கள்.

"ஏலே சூசை, ஒம் மாப்பிள வாரான்" என்றார் கடற்கரையில் காப்பி விற்ற காசிலிங்கம் அண்ணாச்சி. "பால மூடு, திரிஞ்சிரப் போவுது."

சூசை சிரிக்கவில்லை. அவன் தங்கை விக்டோரியாவைக் கட்டியவன் தேவமணி. அவள் போய் ஏழு மாதம். காய்ச்சலில் கிடந்தவள், "குளிருது, இன்னைக்கு எங்கயும் போவாதிய" என்றாள். "போர்த்த ஏதாச்சும் வாங்கிட்டு வாரேன்" என்று துறைமுகத்துக்குப் போனவன், மறுநாள் பொழுது சாயக் கோட்டோடு வந்தான். வாயில் சாராய வாடை. சூசை அப்போது சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

முத்துக்குளிப்பில் ஒரு முறை உண்டு. மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியறுப்பாளே என்று கயிற்றை விடமாட்டான் அல்லவா? விக்டோரியாவே இல்லை, இனிச் சூசைக்கு என்ன? ஆனாலும் அன்று வள்ளத்தில் தேவமணி கயிற்று நுனியை அவனிடம்தான் நீட்டினான்.

"நீரே பிடியும் மச்சான்."

"நான் எதுக்குவே? வேற ஆளு இல்லையா?"

"வேற ஆளு இழுத்துருவான்."

கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஆளை அடிக்கு இழுக்கும் கல்லோடு இறங்கினான். கயிறு ஓடி நின்றது. கீழிருந்து அவன் கயிற்றை ஆட்டினால் இழுக்க வேண்டும். ஆடவில்லை. மற்ற வள்ளத்து ஆட்கள் ஏறினார்கள், மூச்சு வாங்கினார்கள், மறுபடி இறங்கினார்கள். ஆடவில்லை. காசிலிங்கம் அண்ணாச்சி காப்பியை விற்று முடித்து, அடுப்பை அணைத்து, முத்தையாபுரத்துக்கு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். கயிறு ஆடவில்லை.

சூசை சும்மா இருந்தால் போதும். அவன் ஆட்டவில்லை, இவன் இழுக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. ஆணி அடித்த கை அது.

இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தான்.

தேவமணி வள்ளத்து விளிம்பில் தொங்கிக்கொண்டு தண்ணீரைக் கக்கினான். "நான் ஆட்டலையே. ஏம்வே இழுத்தீரு?"

"எந் தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுல்லா?"

சொன்ன பிறகுதான் சொன்னது சூசையின் காதில் விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தேவமணிக்கு உடம்பு உதறியது. பெண்கள் மயங்கிய அந்த இருண்ட முகம் பச்சைப்பிள்ளை முகமாகக் கோணி, வாய்விட்டு அழுதது. சூசை, ஏழு மாதமாகக் கொளுத்திவிட நினைத்திருந்த அந்தக் கோட்டை எடுத்து விரித்தான்.

"போத்திக்கிடும் மாப்பிள. குளிருதுல்லா."

கரையில் இறங்கிய பிறகும் சூசை கயிற்றை அவிழ்க்க விடவில்லை. கோட்டுக்காரன் முன்னே, கயிற்றுக்காரன் பின்னே, கல்லறைத் தோட்டம் வரைக்கும் போனார்கள்.

சர்க்கார் ஏட்டைப் புரட்டினால், 1940 முதல் 1949 வரை தூத்துக்குடியில் ஒரு நாள்கூட முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கதவு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.