எத்தனையாவது வளைவு?

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் இறங்கும் மலைப்பாதையில்தான் நான் ஆல்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்வேன். என் பெரியம்மா மகன் மணிவேல் அங்கே ஷேர் ஜீப் ஓட்டுகிறான். திருப்பத்தூருக்குள் நுழையும் இடத்தில் ஒரு செல்போன் கடையில் எனக்கு வேலை. முன்சீட்டு எனக்கு. புது ஆல்பம் ஒன்றை அவன் போடுவான். சலித்துப்போகும் இடத்தில் நான் "மாத்து" என்பேன். எந்த வளைவில் சொன்னேனோ, அதுதான் மார்க். எங்கள் ஊரில் இந்த மாதிரிப் பாட்டுக் கேட்பவர்கள் நாங்கள் இரண்டே பேர். மற்றவர்கள் வாந்தி வராமலிருக்கப் பாட்டுக் கேட்கிறவர்கள்.

போன மாதம் ஒரு அமெரிக்க ராப் ஆல்பம். உலகமே கொண்டாடுகிறதாம். ஆள் முதல் பாட்டில் ஷூ வாங்குகிறான், மூன்றாம் பாட்டிலும் அதே ஷூதான். இரண்டாம் வளைவில் மாத்து. அப்புறம் பெங்களூருப் பையன்கள் நாலு பேர் கிட்டாரை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அழுதார்கள். சோறு தின்றுவிட்டு அழுதால் குரலாவது வரும். அது முதல் வளைவையே பார்க்கவில்லை. சென்னைப் பசங்களின் ஆல்பம் ஒன்று ஐந்தாம் வளைவு வரை தாங்கியது. அதிலும் ஒருத்தன் பாட்டுக்குப் பாட்டு தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான், மறந்துவிடுவான் போல. கடைசி வளைவைத் தாண்டிய ஆல்பம் என்று ஒன்று கிடையாது.

இந்தத் திங்கட்கிழமை ஜீப் நிரம்பக் காத்திருந்தபோது மணிவேல் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"அபி, இது என்னுது."

"இன்னாது உன்னுது?"

"ஆல்பம். வாணியம்பாடில ஃப்ரெண்டு ஒருத்தன், ஆகிப்புன்னு பேரு, அவன்தான் பீட்டு போட்டுக் குடுத்தான். மெட்ராஸ்ல ரூமும் பாத்துட்டான். நீ நல்லாக்குதுன்னு சொன்னா, ஜீப்ப தம்பிகிட்ட வுட்டுட்டுப் போய்டுவேன். இல்லன்னா இத்தோட வுட்டுடறேன். மத்தவனுங்க எல்லாம் சூப்பருன்னுதான் சொல்றானுங்க. உன்னத்தான் நம்பறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் தலையெழுத்தைக் கொண்டுவந்து என் வாயில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான். இவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? அவன் தம்பிக்குக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் வருவதுதான் பாட்டு. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்: எப்படி இருந்தாலும் முதல் வளைவில் மாத்து.

பலாப்பழத்தோடு கன்னியம்மாள் அக்கா பின்சீட்டில் ஏறினார். "இன்னிக்கி எவன் கத்தப்போறான்?" என்றார்.

"நான்தாங்க்கா," என்றான் மணிவேல். ஜீப் கிளம்பியது.

போர்வைக்குள் உட்கார்ந்து போனில் பதிவு செய்திருக்கிறான். முதல் பாட்டின் நடுவில் கோழி கூவியது. நல்ல சாக்கு என்று வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து அவனுக்குப் பெண் பார்க்கப் போன கதை வந்தது. மாப்பிள்ளை ஜீப் டிரைவர் என்றதும் பெண் வீட்டார் மிக்சர் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். கூடப் போயிருந்த நான் தட்டு போகும்போதும் ஒரு பிடி அள்ளினேன். அதையும் வரியில் வைத்திருக்கிறான் படுபாவி. அடுத்தது, டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறிக் காதலிக்கிறவனின் பாட்டு. கீழே காத்திருப்பவர்கள் "சீக்கிரம் பேசுடா" என்று கோரஸ் பாடினார்கள். கடைசிப் பாட்டில் பீட்டே இல்லை. வளைவில் இறங்கும் ஜீப்பின் சத்தம் மட்டும். பின்னால் இத்தனை உயிர் உட்கார்ந்திருக்கிறதே என்று தான் தினமும் பயந்து பயந்து ஓட்டுவதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஸ்டீரியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. வண்டி நின்றது.

"சொல்லு," என்றான்.

"சுமார்ண்ணா. உனக்கு ஜீப்புதான் செட்டாவும்."

அவன் முகம் செத்துவிட்டது. ஸ்டீரியோவிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

பின்னாலிருந்து கன்னியம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏம்மா அபி, உன் கட அப்பவே போயிட்ச்சே. நீ எறங்கலியா?"

வெளியே பார்த்தேன். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு. வளைவுகள் எப்போது முடிந்தன என்றே எனக்குத் தெரியவில்லை.

மணிவேல் மெதுவாகத் திரும்பினான். "எத்தினியாவது வளைவு, அபி?"

எனக்கு அழுகை வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"மெட்ராஸ்ல எவனாவது அந்தக் கோழிச் சத்தத்த எடுக்கச் சொன்னா," என்றேன், "எடுத்துடாதண்ணா."