இருபது நிமிடத் தண்ணீர்

மதியச் சாப்பாடு முடிந்து நஜியா தன் அறைக்குத் திரும்பும்போது ஆலைக்குள்ளிருந்து அலறல் கேட்டது. கடலூர்–சிதம்பரம் சாலையில் இருந்த அந்தச் சாயப்பொருள் ஆலையில் அவள் மனிதவள அதிகாரி. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

பீப்பாய் கழுவும் இடத்தில் தைலம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருபவர். பீப்பாயின் மூடியைத் திறந்தபோது அடியில் தங்கியிருந்த காஸ்டிக் சோடா கரைசல் வலது கண்ணில் தெறித்துவிட்டது.

"எரியுதும்மா... கண்ணத் தொறக்க முடியல!"

சுவரில் இருந்த கண் கழுவும் குழாயை நஜியா திருகினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"செந்தமிழ்செல்வன் எங்க? முதலுதவி டிரெய்னிங் எடுத்தவரு?"

"அவரு நைட் ஷிப்ட்டுக்குப் போயி பத்து நாளாச்சு மேடம்," என்றாள் உடன் வேலை செய்யும் ஸ்ரீமதி.

அந்த மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டவளே நஜியாதான். பகல் ஷிப்ட்டில் பயிற்சி பெற்றவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

அந்தப் பயிற்சி வகுப்பில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுத்தாள். அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு விஷயம் மட்டும் இப்போது ஞாபகம் வந்தது. காஸ்டிக் சோடா போன்ற அரிக்கும் காரம் கண்ணில் பட்டால் முதலில் தண்ணீர். குறைந்தது இருபது நிமிடம்.

"கேன்டீன்ல இருக்குற தண்ணி கேன் அத்தனையும் கொண்டாங்க!"

மேலாளர் அன்புமணி மூச்சிரைக்க வந்தார். "கார் ரெடி. தூக்குங்க, சிதம்பரம் போயிடலாம்."

"மொதல்ல கழுவணும் சார். இருவது நிமிசம்."

"நீங்க என்ன டாக்டரா? கண்ணு போயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காஸ்டிக்குனு சொல்லி வைங்க."

தைலம்மாளைப் படுக்கவைத்து, தலையை வலப்பக்கம் சாய்த்து ஸ்ரீமதி பிடித்துக்கொண்டாள். நஜியா இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து தண்ணீரை ஊற்றினாள். தைலம்மாள் துடித்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"உட்றீ பாவி! கொல்றியே!"

"கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா. கண்ண மட்டும் மூடாதீங்க."

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்காம இந்தம்மா தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கு பாரேன்." அது சரிதானோ என்று நஜியாவுக்கே தோன்றியது. ஆறு நிமிடம். ஒன்பது. இரண்டாவது கேன் காலியானது. பதினான்காவது நிமிடத்தில் தைலம்மாளின் அலறல் முனகலாகக் குறைந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தாமல் ஊற்றினாள்.

இருபது நிமிடம் ஆனதும் காரில் ஏற்றினார்கள். சிதம்பரம் வரை நஜியா தன் மடியில் அவர் தலையை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "கருவிழியில காயம் இருக்கு. கழுவாம கொண்டாந்திருந்தா கஷ்டம். ஒரு வாரம் போகட்டும், பாப்போம்."

மறுநாள் காலை அன்புமணி அறிக்கைத் தாளை நீட்டினார். "பாதுகாப்புக் கண்ணாடி போடாம தெறந்தாங்க, தொழிலாளி கவனக்குறைவுனு எழுதிடுங்க."

"கண்ணாடி போட்டுத்தான் இருந்தாங்க. பழசு, பக்கவாட்டுல மூடாத கண்ணாடி. கொழாய்ல தண்ணி இல்ல சார். பகல்ல முதலுதவிக்கு ஆளும் இல்ல. செந்தமிழ்செல்வன நைட்டுக்கு மாத்துனது நான்."

"ஒங்க வேலைக்கே ஒல வெச்சிக்கிறீங்க."

நஜியா நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குள் ஷிப்ட்டுக்கு மூன்று பேர் வீதம் பயிற்சிக்குப் பெயர் எழுதியிருந்தாள். முதல் பெயர் அவளுடையது.

பத்தாம் நாள் புவனகிரிக்குப் போனாள். தைலம்மாளுக்குப் பார்வை பெரும்பாலும் திரும்பியிருந்தது. ஓரத்தில் மட்டும் லேசான மங்கல். முதலுதவி தெரிந்தவரை இரவு ஷிப்ட்டுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று நஜியா நின்றபடியே சொன்னாள்.

தைலம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இத கம்பெனிக்கும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார் தைலம்மாள். பிறகு பாயை இழுத்துப் போட்டார். "ஒக்காரு. வெயில்ல வந்திருக்க."