வாளித் தண்ணீரின் சூடு

சோணை எட்டு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். போடியில் அவனைக் கப்பல்காரன் என்று பெருமையாகச் சொல்வார்கள். கப்பலில் அவன் பார்த்த வேலையோ தண்ணீர் மொள்வது. நாளைக்கு நான்கு தடவை கித்தான் வாளியைக் கடலில் இறக்கி மொண்டு கொடுப்பான். அதிகாரி அதில் தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். ஏன் எதற்கென்று யாரும் அவனுக்கு விளக்கவில்லை. ஆனால் அவன் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தான். வாளி வெதுவெதுப்பாகவே வருகிற வருடங்களில் வங்கக் கடலில் புயல் ஒன்றோடு நிற்காது.

ஊர் திரும்பி, ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். எழுபத்தேழாம் வருடம் ஐப்பசிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் மலைவரை வந்து ஆட்டிவிட்டுப் போனது. குரங்கணிப் பாதையில் பாலம் உடைந்தது. நான்கு நாளில் வெயில் அடித்ததும், இந்த வருடப் புயல் வந்து போய்விட்டது, இனி வானத்தில் சரக்கில்லை என்று ஊரே முடிவு கட்டியது.

மழையில் ஊறிய ஏலக்காய் செடியிலேயே வெடிக்கிறது என்று கங்காணி ஒச்சப்பன் புதன்கிழமை வேறு பாதையில் ஜீப்போடு வந்து நின்றார். இன்றைக்கு ஏறாதவர்களுக்கு இந்தப் பறிப்பு முடியும்வரை மலையில் வேலை கிடையாது என்றார். சோணையின் மனைவி வேலுத்தாய் தூக்குவாளியோடு கிளம்பிவிட்டாள். அவள் கூலியில்தான் வீட்டில் பாதி ஓடுகிறது.

சோணை மறித்தான். கப்பலில் இன்னமும் வாளி இறக்கிக்கொண்டிருந்த கன்னையன் கடிதம் போட்டிருந்தான்: புரட்டாசியிலிருந்து கடல் சூடு குறையவே இல்லையாம்.

"ஒரு புயலு போனா அது போன தடம் மட்டுந்தான் ஆறும், வேலு. மிச்சக் கடலு அப்படியே சுட்டுக்கிட்டுக் கெடக்கு. இன்னொண்ணு வரும். நீ மலையில மாட்டிக்கிருவ."

ஒச்சப்பன் சிரித்தார். ஜீப்பில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வேலுத்தாய் புருஷன் பேச்சைத் தட்ட மனமில்லாமல் நின்றுவிட்டாள். ஜீப் போனது.

ஞாயிற்றுக்கிழமை வரை மலை துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது. வேலுத்தாய் அவனோடு பேச்சை நிறுத்தினாள். டீக்கடையில் அவனைக் கண்டதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது எல்லோருக்கும் விளையாட்டாகிவிட்டது. சோணையை அவமானம் பிடுங்கித் தின்றது. புயல் வந்து தொலைத்தால் தேவலை என்றுகூட நினைத்தான்.

திங்கட்கிழமை டீக்கடை ரேடியோ சொன்னது. சனிக்கிழமை இன்னொரு புயல் ஆந்திராவில் கரையேறியிருந்தது. கடல் ஊருக்குள் புகுந்துவிட்டதாம். சாமான் வாங்க இறங்கி வந்திருந்த ஒச்சப்பன் எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். "சொன்னபடியே வந்துருச்சேப்பா." யாரோ அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். சோணை அதை நின்று நிதானமாகக் குடித்தான்.

குடித்துவிட்டு வெரசாக வீட்டுக்கு நடந்தான்.

"நான் சொன்னேன்ல. வந்துருச்சு."

வேலுத்தாய் ஆறு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள். "எங்கிட்டு?"

"ஆந்திராவுல. கடக்கரையில ஊரு ஊரா அடிச்சுக்கிட்டுப் போயிருச்சாம். சனம் எத்தனைன்னு இன்னும் எண்ணி முடியலையாம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"அதச் சிரிச்சுக்கிட்டாய்யா சொல்றீக?"

தான் சிரித்துக்கொண்டிருப்பது அதுவரை சோணைக்குத் தெரியாது.