பட்டறைச் சத்தம்

லீட்டா திரிச்சட்டத்தை மெழுகுக் கொப்பரைக்குள் இறக்கினாள். எட்டு மெழுகுவத்தித் திரிகளும் ஒன்றாக முங்கின. மனசுக்குள் மூன்று எண்ணி மேலே தூக்கி, சொட்டு நிற்கும்வரை கொப்பரைக்கு மேலேயே பிடித்துக்கொண்டாள். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. காது மட்டும் இரண்டு கொட்டகை தள்ளி, கொல்லன் பட்டறையில் இருந்தது.

டங், டிங்டிங். டங், டிங்டிங். இரும்பின்மேல் ஓர் அடி, அதைத் தாங்கும் அடைகல்மேல் வெறுமனே இரண்டு தட்டு. அவள் புருஷன் வெர்லின் அப்படித்தான் அடிப்பான். சுத்தியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அடைகல்மேல் துள்ளவிட்டால் கைக்குச் சுமை குறையும் என்பான். அந்தத் தட்டல் கேட்கிறவரைக்கும் அவன் விழாமல் நிற்கிறான் என்று அர்த்தம்.

அக்டோபர் மாதக் கைத்தொழில் திருவிழா. ஓசார்க் மலையில் உதிரப்போகும் இலையெல்லாம் சிவந்து கிடக்க, அதைப் பார்க்க வந்த கூட்டம் அப்படியே கேளிக்கைப் பூங்காவுக்குள்ளும் நுழைந்துவிட்டது. சோப்புக் காய்ச்சுகிறவள், கூடை முடைகிறவன், கண்ணாடி ஊதுகிறவன், சோளப்பொரி வறுக்கிறவன் என்று தெரு முழுக்கப் பழைய உடுப்பில் ஆட்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர் என்று பெயர். டிக்கெட் விலை மட்டும் இந்த வருஷத்தது.

லீட்டாவும் வெர்லினும் மார்ச் மாதம்தான் இங்கே சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் இருவருக்கும் செருப்புத் தொழிற்சாலையில் வேலை, அதை மூடிவிட்டார்கள். அங்கே இயந்திரம் பழுதுபார்த்தவன், இங்கே தொப்பியும் தோல் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு கொல்லனாகிவிட்டான். தாடி வேறு வளர்த்தான். "தாத்தா மாதிரி இருக்க" என்று லீட்டா கேலி செய்ததுண்டு. ஆகஸ்டில் அவன் சமையலறையில் நின்றபடியே சரிந்து விழுந்த பிறகு அவள் கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் கார் நிறுத்துமிடத்தில் மறுபடியும் விழுந்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் டாக்டர், இதயம் இடையிடையே துடிக்க மறந்துபோகிறது, நெஞ்சுக்குள் சின்ன மெஷின் ஒன்று வைக்கவேண்டும் என்றார். பூங்காவின் மருத்துவக் காப்பீடு, மார்ச்சிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஒரு சீசனை விடாமல் முடித்தவர்களுக்குத்தான். நோய் என்று தெரிந்தால் நெருப்புப் பக்கம் விடமாட்டார்கள். வேறு வேலையும் கொடுக்கமாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிறிஸ்துமஸ்வரை வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டால் ஜனவரியில் ஆபரேஷன். டாக்டர் சம்மதிக்கவில்லை. இவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து லீட்டாவின் காது பட்டறையிலேயே கிடந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ, நானும் ஒண்ணு முக்கலாமா?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண். பக்கத்தில் கழுத்தில் கேமரா தொங்கும் கணவர். லீட்டா சிரித்தாள். சிரிக்கவேண்டும் என்பது விதி. ஒற்றைத் திரியை எடுத்துக் கொடுத்து, "முக்குங்க, உடனே எடுத்துடுங்க. ஆறவிட்டு மறுபடி முக்குங்க. பொறுமையா செஞ்சாத்தான் தடிக்கும்" என்றாள்.

"தெரியுமே! ஏழு வயசுல இதே இடத்துல நின்னு முக்கியிருக்கேன்" என்றாள் அந்தப் பெண். "நான் ஜோலின். துல்சாலேருந்து வர்றோம். எங்கப்பா ஒரு ஓட்ட வண்டில நாலு பிள்ளைங்களப் பின்னாடி அடைச்சுக் கூட்டிட்டு வந்தாரு. தம்பி வழியெல்லாம் வாந்தி. இங்க வந்து எறங்கினதும் பாருங்க, அந்தக் கொல்லுப்பட்டறைச் சத்தம்! எங்கப்பா அப்படியே நின்னுட்டாரு. எங்க தாத்தா கொல்லராம். அன்னிக்குத்தான் எங்களுக்கே சொன்னாரு."

"அப்படியா" என்றாள் லீட்டா.

"அதுக்கப்புறம் எங்கயும் போனதில்லை நாங்க. மறு வருஷமே அப்பா போயிட்டாரு. எனக்கு அவருன்னா இந்த இடம்தான் ஞாபகம் வரும். இந்த மெழுகு வாசனை." அவள் கண் கலங்கியது. கணவர் வேறு பக்கம் பார்த்தார். இந்தக் கதையை அவர் துல்சாவிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

லீட்டாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான் பட்டறைச் சத்தம் நின்றது.

நிற்கும்தான். இரும்பு ஆறிவிட்டால் மறுபடி உலையில் வைப்பான், துருத்தி ஊதுவான், பழுத்ததும் எடுத்து அடிப்பான். அந்த இடைவெளி எவ்வளவு என்று அவள் காதுக்குப் பழக்கம். எட்டுத் திரியையும் இரண்டு தடவை முக்கி எடுக்கிற நேரம். அவள் சட்டத்தை இறக்கினாள், தூக்கினாள். ஆறட்டும் என்று காத்திருந்தாள். மறுபடி இறக்கினாள்.

"எல்லாரும் எவ்வளவு நிம்மதியா வேலை பாக்கறீங்க" என்றாள் ஜோலின். "நான் இருக்கறது ஒரு பேங்க்ல. தினமும் ஒரே டென்ஷன். அந்தக் காலத்து மனுஷங்களுக்கு இந்தப் பயமெல்லாம் இருந்திருக்காதில்ல?"

"இருந்திருக்காது" என்றாள் லீட்டா. சத்தம் இன்னும் வரவில்லை.

துருத்தி மக்கர் செய்கிறதோ. யாராவது பையன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறானோ. சேர்ந்து நின்று போட்டோ எடுக்கிறார்களோ. ஒவ்வொரு சமாதானமாக அவளே சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. உலை இடுப்பு உயரம்தான். முன்பக்கமாக விழுந்தால் முகம் நேராக நெருப்பில்.

ஓடலாம். ஆனால் கொதிக்கிற கொப்பரையைத் தனியே விட்டுவிட்டுப் போனால் ஏதாவது குழந்தை கையை விட்டுவிடும். கூட வேலை பார்க்கிற ஓபல் சாப்பிடப் போயிருக்கிறாள். அதுவும் போகட்டும். ஓடிப்போய்ப் பார்த்து அவன் சும்மா தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றால்? எதற்கு இப்படிப் பதறி ஓடி வந்தாய் என்று மேற்பார்வையாளர் கார்லா கேட்பாள். கார்லா கெட்டிக்காரி. ஒரு கேள்வியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவாள். ஓடினால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

"ஐயோ, உங்க மெழுகுவத்தி!" என்றாள் ஜோலின்.

சட்டம் கொப்பரைக்குள்ளேயே இருந்தது. லீட்டா வெடுக்கென்று தூக்கினாள். காலையிலிருந்து அடுக்கடுக்காய் ஏற்றிய மெழுகெல்லாம் கரைந்துபோய் எட்டும் வெறும் திரியாகத் தொங்கின.

"பரவால்லைங்க" என்று சிரித்தாள். மெழுகுவத்தி வீணானதற்காக வருந்துகிறாள் என்று ஜோலின் நினைத்துக்கொண்டு, "எனக்கும் சமையல்ல இப்படித்தான்" என்றாள் அன்பாக.

ஓபல் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி படியேறி வந்தாள். உதட்டில் கடுகுச் சாஸ். "என்னடி இது, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற? எவனாவது சில்மிஷம் பண்ணானா?"

லீட்டா பட்டறைப் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துப் பட்டறைச் சத்தம் கேட்டது.

உயிர் வந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது.

"கேட்டீங்களா!" ஜோலின் கணவரின் கையைப் பிடித்தாள். "அதே சத்தம். நாப்பது வருஷமாச்சு. கொஞ்சம்கூட மாறலை பாருங்க!"

டங். டங். டங்.

லீட்டா காத்திருந்தாள். டங். டங். நடுவில் தட்டல் இல்லை. எவனோ விறகு பிளப்பதுபோல ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கொப்பரையப் பாத்துக்கோ" என்றாள். ஓபல் ஏன் என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

பட்டறை முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. அடைகல் முன்னே நின்றவன் ஹார்லன். பூங்காவின் தெரு நாடகத்தில் ஷெரீஃபாகத் துப்பாக்கி சுடுகிறவன். வெர்லினின் தோல் ஏப்ரனை மாட்டியிருந்தான், வெர்லினின் தொப்பி அவன் காதுவரை இறங்கியிருந்தது. சட்டையில் குத்திய ஷெரீஃப் நட்சத்திரத்தைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. லீட்டாவைப் பார்த்ததும் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், தலையால் மட்டும் பின்பக்கம் காட்டினான். அடிப்பதை நிறுத்தவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள்.

பட்டறைக்குப் பின்னால் பலகை வேலி, அதைத் தாண்டிச் சாமான் வண்டிகள் வரும் தார்ச்சாலை. கரிமூட்டைகளை வரிசையாகப் போட்டு வெர்லினை அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். நெற்றியில் வெட்டு, ஒரு பக்கத் தாடி பொசுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. கையில் வாக்கி டாக்கியுடன் கார்லா பக்கத்தில் குனிந்து நின்றாள்.

"வெர்லின்! ஏய், இங்க பாரு. என்னைப் பாரு."

அவன் பார்த்தான். "யாரு அடிக்கறது?" என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது. "இரும்பு ஆறிப்போச்சு. ஆறின இரும்பைப் போட்டு அடிக்கறான்."

"ஹார்லன்தான். நீ பேசாதே."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்" என்றாள் கார்லா. "பின்கேட் வழியா வரும். சைரன் போட வேணாம்னிருக்கேன், முன்னாடி குழந்தைங்க நிக்குது. அதுங்க பயந்துடக் கூடாதுன்னுதான் ஹார்லனையும் அடிக்க விட்டிருக்கேன்." பிறகு லீட்டாவை வேலியோரம் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பாருங்க, அனல் தாங்காம மயங்கிட்டாரு. வேலை பாத்துட்டிருக்கும்போது நடந்தது. அப்படி எழுதினா ஆஸ்பத்திரிச் செலவு பூங்காவோடது. ஏற்கெனவே எதாவது நோய் இருந்து மறைச்சிருந்தா ஒரு சென்ட்கூட வராது. வேலையும் போயிடும். அனல்தானே லீட்டா?"

"அனல்தான்" என்றாள் லீட்டா. சொன்னதும் காதெல்லாம் சூடேறியது.

வெள்ளை வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. இறங்கியவன் இளைஞன், விறுவிறுவென்று வேலை பார்த்தான். வெர்லினின் மணிக்கட்டைப் பிடித்தான், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினான், கையடக்கப் பெட்டியின் திரையைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. கையில் ஊசி மருந்தை எடுத்துவைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இவரு சம்சாரம் யாரு? நீங்களா? இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இப்படி விழுந்திருக்காரா? நெஞ்சுக்கு எதாவது வைத்தியம் பாத்தீங்களா?"

கார்லா ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் டங், டங் என்று ஹார்லன் அடித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், உங்களைத்தான். தெரியாம மருந்து குடுத்தா ஆபத்து."

லீட்டா வெர்லினைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையை இடவலமாக அசைத்தான். சொல்லாதே என்கிறான். ஆகஸ்டிலிருந்து இருவரும் சேர்ந்து கட்டிக்காத்ததை இந்த நிலையிலும் காப்பாற்றப் பார்க்கிறான். அவளுக்கு அவன்மேல் கோபம் பொங்கியது.

"ரெண்டு தடவை விழுந்திருக்காரு" என்றாள். "துடிப்பு நடுவுல நின்னுடுதாம். மெஷின் வைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. ஜனவரில."

இளைஞன் ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான். வெர்லின் கண்ணை மூடிக்கொண்டான்.

கார்லா கதவிலிருந்து கையை எடுத்தாள். "என் காதுல விழுந்துடுச்சே" என்றாள். "நான் இங்க நின்னிருக்கவே கூடாது."

"நீங்க கேக்கலைன்னு வெச்சுக்கங்க."

"அந்த ஆம்புலன்ஸ் பையன் எழுதிட்டான் பாருங்க." கார்லாவின் முகமும் வெளிறித்தான் இருந்தது. அவளும் மாதச் சம்பளக்காரிதான். வெர்லினை வண்டியில் ஏற்றினார்கள். லீட்டா படியில் காலை வைத்தபோது கார்லா அவள் தோளைத் தொட்டாள். "லீட்டா, உடுப்பு."

"என்னது?"

"உடுப்போட கேட்டைத் தாண்டக் கூடாது. இன்னியோட நீங்க ரெண்டு பேரும் வேலைக் கணக்குல இல்லை. உடுப்பு வெளிய போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

லீட்டாவுக்கு ஒரு நிமிஷம் அது புரியவே இல்லை. புரிந்ததும் வாதாடவில்லை, வாதாட நேரமில்லை. தலைக்குல்லாயைப் பிடுங்கிக் கொடுத்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள். கவுனுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுப்பக்கம் சின்னச் சின்னப் பொத்தான்கள். காலையில் வெர்லின்தான் போட்டுவிடுவான், அவள் கைக்கு எட்டாது. எட்டினவரைக்கும் இழுத்தாள். கார்லா பின்னால் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

"மேடம், நிக்க முடியாது. நாங்க கிளம்பறோம்" என்றான் இளைஞன்.

"வந்துட்டேன். ரெண்டே நிமிஷம். தம்பி, வந்துட்டேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லீட்டா கவுனை உதறிவிட்டு உள்பாவாடையோடு தார்ச்சாலையில் ஓடினாள். வண்டி பின்கேட்டைத் தாண்டித் திரும்பிவிட்டது. மலைச்சாலையில் ஏறிய பிறகுதான் அது சைரனைப் போட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் ஏதோ ஒன்றை அடித்து முடித்திருக்கவேண்டும், ஜனங்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.