ஜன்னலுக்கு வெளியே ஒடெஸா

அமெரிக்காவின் தென்பகுதியில், சட்டனூகா நகரத்தில் அந்த வாரம் இசைத்தட்டுகளுக்குப் போதாத காலம். மார்க்கெட் தெரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் இருந்த வானொலி நிலையத்தின் முதலாளி ஹோல்கம், இனி தன் நிலையத்தில் ராக் அண்ட் ரோல் கிடையாது என்று அறிவித்துவிட்டார். சும்மா நிறுத்தினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒவ்வொரு தட்டையும் கடைசியாக ஒருமுறை போட்டுவிட்டு, மைக் முன்னாலேயே உடைக்க வேண்டும் என்று உத்தரவு. திங்கட்கிழமையிலிருந்து காலை நிகழ்ச்சிக்காரனும் மதிய நிகழ்ச்சிக்காரனும் படீர் படீரென்று உடைத்துத் தள்ளினார்கள். பாதிரிமார்கள் தொலைபேசியில் பாராட்டினார்கள். ஹோல்கமுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை க்ளீவன் மேப்ரியின் முறை வந்தது.

அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டவர்கள் அவருடைய மனைவியும் ஹோல்கமும்தான். ஊருக்கு அவர் டாடி தண்டர். அதே ஓட்டலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த கறுப்பர். கூடத்தில் நின்று விருந்தாளிகளின் பெயரைக் கூவி அழைப்பதும் அவர் வேலை. ஒருநாள் அறிவிப்பாளன் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடக்க, வேறு ஆள் இல்லாமல் இவரை இழுத்து வந்து மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். வானிலை அறிக்கை வாசித்தார். யார் இந்தப் புது ஆள், எந்த ஊர் வெள்ளைக்காரர் என்று கேட்டு அன்று தொலைபேசி ஓயவில்லை.

பிறகு மாலையில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வேறு எவரும் தொடாத கறுப்பர் பாட்டுகளை அவர் போட்டார். முடிதிருத்தும் கடைகளிலும் சமையற்கட்டுகளிலும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே ரேடியோ வாங்கினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டலின் முன்வாசல் அவருக்குக் கிடையாது, சமையலறை வழியாகத்தான் வருவார்.

ஒலிபரப்பு அறைக்குத் தெருப்பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். பள்ளி விட்டதும் அங்கே கூட்டம் கூடிவிடும். கறுப்புப் பிள்ளைகள் விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளைப் பிள்ளைகள் அந்தப் பக்கம். டாடி தண்டர் தலையில் வாணலியைக் கவிழ்த்துக்கொள்வார், நாற்காலியோடு ஆடுவார். ஒவ்வொரு சேட்டைக்கும் பிறகு அவர் கண் ஜன்னலுக்குப் போகும். சிரித்தார்களா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

அன்று உடைக்க வேண்டியது ஒரே ஒரு தட்டு. ஒடெஸா ப்ரூயிட்டின் முதல் பாட்டு. ஒடெஸா அந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் வெளுப்பவள். பிசாசின் பாட்டைப் பாடிவிட்டாள் என்று தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து அவளை வெளியே அனுப்பியிருந்தார்கள். சொந்த ஊரிலேயே பாட்டு நிலைத்து ஓடினால் நாடு முழுக்க நாங்கள் விற்கிறோம் என்று சிக்காகோ இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

மதியம் சமையலறை நடையில் அவரை மறித்தாள்.

"என் தட்ட ஒடைக்கப் போறீங்களாமே அண்ணே?"

"யாரு சொன்னா? இங்க வா." க்ளீவன் அவளை ஓரமாகக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "ரேடியோ கேக்குறவனுக்குச் சத்தம்தானே வேணும்? மேசைக்கு அடியில பழைய அரக்குத் தட்டு ஒண்ணு வெச்சிருக்கேன். அழுத்தினா படீர்னு போயிரும், அத ஒடைப்பேன். ஒன்னோடது என் சட்டைக்குள்ள போயிரும். ஊர் அடங்கினதும் மறுபடி போடுவேன்."

"சத்தியமா?"

"என் கையால ஒன் தட்ட ஒடைக்க மாட்டேன். போதுமா? ஜன்னல்கிட்ட வந்து நில்லு. முடிஞ்சதும் கண்ணடிக்கிறேன்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். இந்த மூஞ்சி கண்ணடிப்பதைப் பார்க்க அரைநாள் கூலியை விடணுமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது, ஹோல்கம் உள்ளே வரும் வரை. ஒலிபரப்பு அறைக்குள் காலே வைக்காத மனிதர், அன்று ஒரு பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு வந்து மேசையை ஒட்டி நின்றார். ஒடெஸாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மைக் மூடியிருந்தது. பாதிரியாருக்கு நாற்காலி இழுத்துப் போடக் குனிந்த ஹோல்கமின் கண்ணில் அரக்குத் தட்டு பட்டது.

அவர் முட்டாள் அல்ல. தட்டையும் பார்த்தார், க்ளீவனின் முகத்தையும் பார்த்தார். தட்டை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாதிரியாருக்குக் கேட்காதபடி க்ளீவனின் காதருகே குனிந்தார்.

"ஓடுதே, அதையே ஒடைக்கணும், க்ளீவன். என் கண்ணு முன்னால. இல்லன்னா திங்கக்கெழமலேந்து ஒன் ரெண்டு மணி நேரத்துல சர்ச்சு ஆர்கன் வாசிக்க விடுவேன். ஒன் ஆளுங்க ஒருத்தன்கூட இந்த மைக்கத் தொட மாட்டான்."

"சரிங்க ஐயா," என்றார் க்ளீவன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம், சலவைக்கூடத்து வெள்ளைத் தொப்பி தெரிவது அவருக்குத் தெரியும். நிமிரவில்லை. இந்த இரண்டு மணி நேரம் போய்விட்டால் ஒடெஸாவுக்கு மட்டும் என்ன மிஞ்சும்? அவளுக்குப் பின்னால் பாட வருகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பாட்டா, எல்லாப் பாட்டுமா? நியாயமான கேள்விதான். பயந்தவனுக்கு நியாயங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு வாக்குக் கொடுத்திருந்தோமே என்பது மட்டும் அந்த வரிசையில் கடைசியில் நின்றது. பாட்டு முடிவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்.

ஊசியைத் தூக்கினார். தட்டை எடுத்தார். மைக்கைத் திறந்தார். இரண்டு ஓரத்தையும் பிடித்து அழுத்தினார்.

உடையவில்லை.

அந்தக் காலத்துச் சின்னத் தட்டுகள் கம்பெனிக்கு ஒரு விதம். சில அப்பளமாக நொறுங்கும், சில வளையும். கையில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுக்க உடைத்ததெல்லாம் நொறுங்குகிற வகை. இது செருப்பு மாதிரி வளைந்துகொடுத்தது. க்ளீவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். முழங்காலில் வைத்து மடக்கினார். நாற்காலி கிரீச்சிட்டது. அவர் முனகியது மைக்கில் ஏறி ஊர் முழுக்கப் போனது. கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. ஹோல்கமின் முகம் சிவந்துகொண்டே வந்தது. இது உடைந்தால் போதும், கடவுளே, உடைந்தால் போதும் என்று டாடி தண்டர் மனதுக்குள் கெஞ்சினார்.

வெளியே முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு கம்பத்துக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு கிளம்பியது. டாடி தண்டர் சேட்டை பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பாதிரியாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழைப்பு வருவதைக் காட்டும் தொலைபேசி விளக்குகள் வரிசையாக எரிந்தன.

க்ளீவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தைச் சிரிக்க வைத்தே பழகிய உடம்பு, தானாகத் திரும்பிக்கொண்டது. மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"சட்டனூகா மக்களே, என்னால முடியல. இந்தப் பொண்ணு ஒடைய மாட்டேங்குறா."

நெளிந்த தட்டை மறுபடி சுழலவிட்டார். ஊசி மேலும் கீழும் படகு மாதிரி ஏறி இறங்க, ஒடெஸாவின் குரல் தள்ளாடித் தள்ளாடிப் பாடியது. தெருவில் கைதட்டல் கிளம்பியது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நிகழ்ச்சி முடிவதற்குள் விளம்பரதாரர் மூன்று பேர் ஹோல்கமைக் கூப்பிட்டுப் பாராட்டிவிட்டார்கள். முதலாளி அரக்குத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, திங்கட்கிழமையும் இதே மாதிரி ஏதாவது செய் என்று சொல்லிவிட்டுப் போனார். உடைக்கும் உத்தரவு அதோடு சத்தமில்லாமல் செத்தது.

சமையலறையில் சமையற்காரர்கள் க்ளீவனைத் தோளில் தட்டிக் கொண்டாடினார்கள். முதலாளி மூஞ்சிக்கு நேரே இப்படிச் செய்ய உனக்குத்தான் துணிச்சல் உண்டு என்றார்கள். அவர் மறுக்கவில்லை. நடையின் கோடியில் ஒடெஸா நின்றிருந்தாள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"பாத்தியா?" என்றார் க்ளீவன். "எப்பிடி நம்ம வித்த? சிக்காகோக்காரன் நாளைக்கே ஓடி வருவான் பாரு."

"வருவான்."

"அப்புறம் என்ன, சிரியேன்."

அவள் கையை நீட்டினாள். அவர் சட்டைக்குள்ளிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தார். கறுப்புத் தட்டின் குறுக்கே, மடங்கிய இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் பதிந்த பள்ளம். ஒடெஸா தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்க வெளையாடுறப்ப எல்லாம் ஜன்னலப் பாப்பீங்க அண்ணே," என்றாள். "இது வளையுறப்ப ஒரு தடவகூடப் பாக்கல."

க்ளீவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் தட்டை இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் சுற்றிக்கொண்டு சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அவருக்குப் பின்னால் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.