போய் மீனைப் பாரு

வாயைத் திறந்து மூடுகிற அந்த ஆரஞ்சு மீன், எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிற மீன், டாக்டர் அறைக்கு வெளியே தொட்டிக்குள் திரும்பித் திரும்பி வருகிறது, நான் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கிறேன், எட்டு வயதா, பத்தா, எக்கோ எடுக்க நெஞ்சில் தடவிய ஜெல் சட்டைக்குள் இன்னும் பிசுபிசுக்கிறது, இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள் என்பதால் வருடா வருடம் இதே தொட்டி, பரிசோதனை முடிந்ததும் தாணு டாக்டர் அம்மாவைப் பார்ப்பார், அம்மா என்னைப் பார்ப்பாள், ஏட்டி, நீ போய் மீனைப் பாரு, கதவு மூடிக்கொள்ளும், உள்ளே என்ன பேசுகிறார்கள், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்றா, கதவில் காதை வைத்தால் மின்விசிறிச் சத்தம்தான், வெளியே வருகிற அம்மாவின் மூக்கு சிவந்திருக்கும், டாக்டர் என்னம்மா சொன்னாரு, ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்காம், நல்லாயிருந்தால் ஏன் அன்றைக்கு மட்டும் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, மற்ற நாளில் ஐஸ்கிரீம் என்றால் முதுகில் ஒன்று வைப்பவள் இன்று ரெண்டா வேணுமா என்கிறாள், சாகப்போகிற பிள்ளைக்குத்தானே இப்படி, அந்த ஐஸ்கிரீமை ஒரு நாளும் நான் நம்பித் தின்றதில்லை, கனவில் தொட்டியில் ஓட்டை விழுந்து தண்ணீர் சொட்டும், மீன் அப்போதும் ஒன்றும் சொல்லாது, வளர்ந்தேன், கல்யாணமானது, அம்மா போய்ச் சேர்ந்தாள், கடைசிவரை ஒண்ணுமில்ல என்றே சொல்லிவிட்டுப் போனாள், அழுத்தக்காரி.

இப்போது மேசையில் படுத்திருப்பது நானில்லை, என் மகள் மிருணா, பள்ளிக்கூட மருத்துவ முகாமில் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள், தலை நரைத்துப்போன தாணு டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்புகிறார், ஏன் திருப்புகிறார், புருவம் ஏன் சுருங்குகிறது, என் ஓட்டையை இவளுக்கும் கொடுத்துவிட்டேனா, அவர் கையைத் துடைத்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மெல்லிய குரலில் சொல்கிறார், சும்மா சத்தம்தான், சின்னப் பிள்ளைகளுக்கு வரும், ஓட்டையெல்லாம் இல்லம்மா, நான் நம்பவில்லை, சார், நெசமாச் சொல்லுங்க, அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார், இதயத்தின் நடுவே எங்கும் விடுபடாத முழுச் சுவர், முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், நான் அழுவதைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாது, ஏட்டி மிருணா, நீ போய் மீனைப் பாரு.

கதவு மூடியதும் உடைந்து அழுகிறேன், சந்தோஷத்தில்தான் அழுகிறேன், டாக்டர் பஞ்சுச் சுருளை என் பக்கம் நகர்த்துகிறார், உங்க அம்மாவும் இதே நாற்காலியிலதான், ஒவ்வொரு வருசமும் நல்லாயிருக்குன்னு சொன்னதும் இப்படித்தான் அழுவாவ, வேற ஒண்ணும் நாங்க பேசுனதில்ல.

வெளியே மிருணா தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கிறாள், ஆனால் மீனைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிகிற என் முகத்தைப் பார்க்கிறாள், டாக்டர் என்னம்மா சொன்னாரு, ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்காம், வா, ஐஸ்கிரீம் வேணுமா என்கிறேன், அவள் என் சிவந்த மூக்கையே பார்த்துவிட்டு, வேண்டாம் என்கிறாள்.